தொண்ணூற்றெட்டு சதவீதம் அண்ணன்

என் மகள் ஷெர்லிக்கு இணையதளத்தில் மாப்பிள்ளை பார்த்ததைப் பற்றி எங்கள் போல்டன்புரத்தில் பலரும் பலவிதமாகப் பேசுகிறார்கள். பேசட்டும். பேசுகிறவர்கள் முழுவதையும் தெரிந்துகொண்டு பேசினால் நல்லது என்பதால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

என் பெயர் சுந்தரராஜ். தூத்துக்குடித் துறைமுகத்தில் டிராஃபிக் பிரிவில் சூப்பிரண்டாக இருந்து ஓய்வு பெற்றவன். பூர்வீகம் நாசரேத் பக்கம். எங்கள் குடும்பத்தில் எல்லாக் கல்யாணமும் கோயிலில் மூன்று ஞாயிற்றுக்கிழமை கல்யாண அறிக்கை வாசித்து, முறைப்படி நடந்தவை. பெண் பார்க்க வந்தால் முதலில் நலம் விசாரிப்போம். அடுத்து முறை பார்ப்போம். எந்த ஊர், எந்த வீடு, அம்மாவைப் பெற்ற தாத்தா எந்த மிஷன் பள்ளிக்கூடத்தில் வாத்தியார், அவர் யார் வீட்டில் பெண் எடுத்தார் என்று பின்னால் போய்க்கொண்டே இருந்தால் எங்காவது ஓரிடத்தில் இரண்டு குடும்பமும் முட்டிக்கொள்ளும். முட்டிய இடத்தை வைத்துப் பையன் அத்தை மகனா, மாமன் மகனா, அண்ணன் முறையா என்று தீர்மானிப்போம். அண்ணன் முறை என்றால் வந்தவர்கள் காபியைக் குடித்துவிட்டு எழுந்துவிடுவார்கள். இந்த முறை பார்க்கும் வேலையில் எங்கள் சபையில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. துக்க வீட்டில்கூட என் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு, இன்னார் எனக்கு என்ன வேண்டும் என்று கேட்டுவிட்டுத்தான் அழப் போவார்கள்.

ஷெர்லி ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீசில் வேலை பார்க்கிறாள். கப்பலில் வரும் கன்டெய்னர்களுக்குக் கஸ்டம்ஸ் வேலையை முடித்துக்கொடுக்கும் ஆபீஸ் அது. இருபத்தொன்பது வயது. தரகர்கள் கொண்டுவந்த வரன்களை ஏதோ ஒரு காரணத்துக்காக அவள் வேண்டாம் என்பாள், இல்லையென்றால் நான் வேண்டாம் என்பேன். கடைசியில் என் மனைவி கிருபைதான் தளத்தில் போட்டுப் பார்க்கலாம் என்றாள். கிறிஸ்தவர்களுக்கென்றே ஒரு தளம் இருக்கிறதாம். கேட்ட கேள்விகளுக்குப் பதில் எழுதினால் கம்ப்யூட்டர் கணக்குப் போட்டு, இன்னாரோடு இத்தனை சதவீதம் பொருத்தம் என்று காட்டுமாம்.

கேள்விகளுக்குத் தானே பதில் எழுதுவதாக ஷெர்லி சொன்னாள். நான் சம்மதிக்கவில்லை. குடும்பத்தின் பெயரில் வெளியே போகிறதை வீட்டுப் பெரியவர்தான் எழுத வேண்டும். சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து நான் சொல்லச் சொல்ல அவள் தட்டினாள். எந்தச் சபை, எந்த ஊர், தகப்பனார் என்ன வேலை, மீன்குழம்பில் தேங்காய் உண்டா இல்லையா, காலையில் எத்தனை மணிக்கு எழுந்திருப்பீர்கள் என்று நூறு கேள்வி. அதன் கீழே, வரப்போகிறவர் எப்படி இருக்க வேண்டும் என்று இன்னொரு நூறு. எல்லாவற்றிலும் எங்களைப் போலவே இருக்க வேண்டும் என்று போடச் சொன்னேன். அதே சபை, அதே ஊர்ப் பக்கம், அதே குழம்பு.

ஷெர்லி தட்டுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அப்பா, நீங்க உங்களையே தேடுதீங்க."

நல்லதைத் தேடுவதில் தப்பில்லை என்று சொல்லி மேற்கொண்டு தட்டச் சொன்னேன்.

கம்ப்யூட்டர் சொன்னபடி செய்தது. முதலில் தொண்ணூற்றேழு சதவீதப் பொருத்தத்தில் துபாயில் வேலை பார்க்கும் ஒரு பையனைக் காட்டியது. போனில் அவன் தகப்பனாரோடு பேசினேன். நலம் விசாரித்து முடித்து, அவருடைய பெரியப்பா பெயரைக் கேட்டதும் விஷயம் தெரிந்துவிட்டது. அண்ணன் முறை. அடுத்தது தொண்ணூற்றாறு. அண்ணன். அடுத்தவன் சென்னையில் டாக்டர், நல்ல உயரம், அவனும் அண்ணன். வீட்டில் நான் போனை எடுத்தாலே கிருபை, "இது எந்த அண்ணன்?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டாள்.

அதன் பிறகு ஒரு நாள் தொண்ணூற்றொன்பது வந்தது. பையன் பெங்களூரில். படத்தையும் பெயரையும் மறைத்து, எண் மட்டும் போட்டிருந்தார்கள். இரு பக்கமும் விருப்பம் தெரிவித்தால்தான் விவரம் திறக்கும். நான் விருப்பம் தெரிவித்தேன். அந்தப் பக்கமும் ஏற்கனவே தெரிவித்திருந்தார்கள். உடனே போன் வந்தது. பெண் குரல். வணக்கம் சொல்லி, எங்கள் பூர்வீகத்தைச் சொல்லி, என் தகப்பனார் பெயரைச் சொன்னேன்.

"அத்தான், நீங்களா?" என்றது குரல்.

என் சொந்தத் தம்பி டேவிட்சனின் மனைவி. பையன் என் தம்பி மகன். அவள் மாவடு போட்டாயிற்றா என்று கேட்டாள். போட்டாயிற்று என்றேன். இருவரும் போனை வைத்தோம். இதை டேவிட்சனிடம் சொல்ல வேண்டாம் என்று நான் அவளிடம் கேட்டுக்கொள்ளவில்லை. கேட்டிருக்க வேண்டும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவன் பெங்களூரிலிருந்து கூப்பிட்டு என்னை 'சம்பந்தி' என்றான்.

தளத்தின் ஆபீசுக்குப் போன் செய்து புகார் கொடுத்தேன். பேசிய பெண் தொண்ணூற்றொன்பது சதவீதம் என்பது ரொம்ப அபூர்வம் சார் என்று எனக்கு வாழ்த்துச் சொன்னாள். அபூர்வம்தான், ஆனால் அது என் தம்பி மகன் என்றேன். அவளுக்கு அது புரியவே நேரம் பிடித்தது. கடைசியில், நீங்கள் எல்லாவற்றிலும் உங்களைப் போலவே கேட்டால் உங்கள் ஆட்கள்தான் வருவார்கள், சொந்த ஊர் என்பதையாவது கொஞ்சம் மாற்றுங்கள் என்றாள். சொந்த ஊரை மாற்றுவதற்கு அது என்ன சட்டையா என்று கேட்டுவிட்டு வைத்தேன்.

இதற்கு அப்புறம் கொஞ்ச நாள் தளத்தின் பேச்சே வீட்டில் இல்லை. நான் விட்டுவிட்டேன் என்றுதான் நினைத்தேன். ஷெர்லி விடவில்லை. ஒரு நாள் காலையில் நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தபோது எதிரில் வந்து உட்கார்ந்தாள். தொண்ணூற்றெட்டு சதவீதத்தில் ஒருவர் வந்ததாகவும், தானே பேசிப் பார்த்ததாகவும் சொன்னாள். பெயர் பிரைட்டன். ஆறுமுகநேரியில் ஒரு கெமிக்கல் ஃபேக்டரியில் லேபில் இருக்கிறான். வீடு சாத்தான்குளம். தகப்பனார் பெனிஸ்டன், ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். அம்மா பெர்சி. ஞாயிற்றுக்கிழமை வருகிறார்கள்.

எனக்குத் தெரியாமல் பேசியது சரியில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் அதற்குள், அந்த மீதி இரண்டு சதவீதம் என்ன என்று தெரியுமா என்று கேட்டாள். கேள்விகளில் ஒன்று, கோபம் வந்தால் என்ன செய்வீர்கள் என்பது. அவளுக்காக நான், பேச மாட்டேன் என்று போட்டிருந்தேன். பிரைட்டன், சிரித்துவிடுவேன் என்று போட்டிருக்கிறான்.

"நம்ம வீட்டுல கோவம் வந்தா ஒருத்தரும் பேச மாட்டோம்பா. அவங்க வீட்டுல சிரிச்சிருவாங்களாம். எனக்கு அந்த ரெண்டு சதவீதம்தான் பிடிச்சிருக்கு. ஒண்ணே ஒண்ணு கேக்கேன். இந்தத் தடவ முறை பாக்காதீங்க."

நான் பேப்பரைத் திருப்பினேன். சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். பையன் நல்ல அடக்கமானவன். உட்காரச் சொன்ன பிறகுதான் உட்கார்ந்தான். பெர்சி கிருபையோடு சமையல்கட்டுப் பக்கம் போய்விட்டார். பெனிஸ்டன் முதுகு வளையாமல் உட்காருகிற மனிதர், ஆனால் எதற்கும் சிரிப்பார். எனக்கு அவரை உடனே பிடித்துவிட்டது. கிருபை தட்டில் மக்ரூன் வைத்தாள். மழை, உப்பளம், கோயில் புதுப்பிப்பு என்று நான் பத்திரமாகவே பேசிக்கொண்டிருந்தேன். ஷெர்லியும் கதவோரத்தில் நின்று என்னைக் கவனித்துக்கொண்டே இருந்தாள்.

முதலில் ஆரம்பித்தது நான் அல்ல. பெனிஸ்டன்தான் என் அம்மாவுக்கு எந்த ஊர் என்று கேட்டார். ஒரு பெரிய மனிதர் வீடு தேடி வந்து கேட்கிறார். பதில் சொல்லாமல் இருப்பது மரியாதையா? சொன்னேன். அப்படியா, எங்கள் அம்மாவுக்கும் அந்தப் பக்கம்தான் என்றார். எந்தத் தெரு என்றேன். கோயிலுக்கு வடக்கே என்றார். வடக்கே யார் வீடு என்றேன். ஷெர்லி கதவோரத்தில் இருமினாள். பெனிஸ்டன் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார். நானும் இழுத்துப் போட்டேன். அவர் ஒரு பெயர் சொன்னால் நான் ஒரு பெயர் சொன்னேன். நான் ஒரு அத்தையைக் கொண்டுவந்தால் அவர் அந்த அத்தையின் கொழுந்தனைக் கொண்டுவந்தார். இவ்வளவு தெளிவாக முறை பேசத் தெரிந்த ஆளை நான் வெகு காலமாகப் பார்க்கவில்லை. ஷெர்லி இன்னும் இரண்டு தடவை இருமினாள். தண்ணீர் குடிக்கச் சொன்னேன்.

எங்கள் ஊர்க் கோயிலில் அந்தக் காலத்தில் ஒரு உபதேசியார் இருந்தார். அவருக்கு இரண்டு பெண்கள். மூத்தவள் என் அம்மாவைப் பெற்ற ஆச்சி. இளையவள் எங்கே போனாள் என்பது எங்கள் வீட்டில் யாருக்கும் சரியாகத் தெரியாது. சாத்தான்குளம் பக்கம் கட்டிக்கொடுத்ததாக மட்டும் கேள்வி. அந்த இளையவள்தான் பெனிஸ்டனின் அம்மாவைப் பெற்ற ஆச்சி. இருவருக்கும் ஒரே நேரத்தில் அது உறைத்தது. நான் எழுந்துவிட்டேன். அவரும் எழுந்துவிட்டார். தோளைத் தோளோடு சேர்த்துக் கட்டிக்கொண்டோம். அவரைவிட நான் ஒரு வயது மூத்தவன். அவர் என்னை அண்ணாச்சி என்றார், நான் அவரைத் தம்பி என்றேன். இன்னொரு தட்டு மக்ரூன் கொண்டுவரும்படி உள்ளே குரல் கொடுத்தேன். நாற்பது வயதுக்கு மேல் ஒருவனுக்குப் புதிதாக ஒரு தம்பி கிடைப்பது சாதாரண விஷயமில்லை. எனக்கு அறுபத்தெட்டு.

தட்டு வரவில்லை. திரும்பிப் பார்த்தால் கிருபையும் பெர்சியும் சமையல்கட்டு வாசலில் நிற்கிறார்கள். பிரைட்டன் கையில் பாதி மக்ரூனை வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருக்கிறான். அப்போதுதான் நாங்கள் இருவரும் சேர்ந்து என்ன செய்திருக்கிறோம் என்பது புரிந்தது. நானும் பெனிஸ்டனும் அண்ணன் தம்பி என்றால், எங்கள் பிள்ளைகளும் அண்ணன் தங்கை.

முதலில் பேசியது ஷெர்லி.

"நீங்க கண்டுபிடிச்சத நீங்களே தொலைச்சிருங்கப்பா."

அதைக் கேட்டதும் பிரைட்டன் சிரிக்க ஆரம்பித்தான். தளத்தில் எழுதியது பொய்யில்லை என்று தெரிந்தது.

கண்டுபிடித்ததைத் தொலைக்க முடியாது. நான்கு பேர் கேட்க இரண்டு பெரியவர்கள் கட்டிக்கொண்டு அண்ணன் தம்பி என்று சொன்ன பிறகு, அது எங்கள் இரண்டு குடும்பத்தின் வார்த்தை. என் மனதுக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. பெனிஸ்டனும் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, அண்ணாச்சி, ஆச்சிமாரை ஒண்ணும் செய்ய முடியாதுல்லா என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஷெர்லி அழவில்லை. சண்டை போடவில்லை. வேறொன்று செய்தாள். அன்று இரவே சாப்பாட்டு மேசையில் என் எதிரிலேயே பிரைட்டனுக்குப் போன் போட்டு, "சாப்பிட்டீங்களா அண்ணா?" என்று கேட்டாள். அந்தப் பக்கத்திலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. மறுநாள் காலையில், "லேபுக்குப் போயிட்டீங்களா அண்ணா?" தினமும் இதே பேச்சு. அண்ணா என்று சொல்லும்போது அவள் குரலில் இருந்த குழைவு இருக்கிறதே, அது எங்கள் வம்சத்தில் எந்தத் தங்கையிடமும் நான் கேட்டதில்லை.

கோயிலில் நடந்ததுதான் என்னால் தாங்க முடியாதது. ஆராதனை முடிந்து எல்லோரும் வெளியே வரும்போது பிரைட்டன் மரத்தடியில் பைக்கோடு நின்றான். ஷெர்லி நேராக அவனிடம் போய்ச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள். எங்கள் சபைப் போதகரான ஐயர் அருகில் போய், தம்பி யார் என்று விசாரித்தார்.

"எங்க அண்ணன் ஐயா," என்றாள் ஷெர்லி. "அப்பாதான் கண்டுபிடிச்சாங்க."

ஐயர் பையனைப் பார்த்தார், பெண்ணைப் பார்த்தார், அப்புறம் தூரத்தில் நின்ற என்னைப் பார்த்தார். அவர் முகத்தில் இருந்ததை நான் எழுத விரும்பவில்லை. அண்ணன் என்ற வார்த்தைக்கு ஊருக்குள் ஒரு மரியாதை இருக்கிறது. அந்த மரியாதை என் வீட்டிலிருந்து கெடக் கூடாது. ஒன்று இவன் உண்மையான அண்ணனாக இருக்க வேண்டும், இல்லையென்றால் மாப்பிள்ளையாக வேண்டும். இரண்டும் இல்லாமல் மரத்தடியில் பைக்கோடு நிற்கக் கூடாது.

அன்று மத்தியானம் கிருபையிடம் அதைச் சொன்னேன். அவள் நெத்திலி ஆய்ந்துகொண்டே, பெர்சியும் தன் மதினியும் அக்காள் தங்கை மக்கள் என்றாள். எந்த மதினி என்று கேட்டேன்.

"எனக்கு எத்தன மதினி இருக்கு?"

அவளுக்கு ஒரே அண்ணன். பெயர் நேசக்குமார். அவரோடு எனக்குப் பேச்சு வார்த்தை நின்று இருபது வருஷம் இருக்கும். பகையிலும் மரியாதை குறையக் கூடாது என்பதால் இன்றுவரை அவர் என்றுதான் சொல்கிறேன். ஊரில் கோயில் பிரதிஷ்டைப் பண்டிகைக்கு அசனம் நடந்தது. சபையார் எல்லோரும் வரிசையாக உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிடுகிற விருந்து அது. அந்த வருஷம் கறிவாளி நேசக்குமார் கையில். வரிசையில் எனக்கு முன்னால் இருந்தவருக்குக் கறி விழுந்தது. எனக்கு வெறும் குழம்பு விழுந்தது. எனக்கு அடுத்தவருக்குக் கறி விழுந்தது. பெண் கொடுத்த வீட்டுக்காரர், தங்கை புருஷனுக்கு, ஊர் பார்க்க வெறும் குழம்பு. நான் இலையை மடக்காமல் எழுந்துவிட்டேன். அவருடைய பேச்சு வேறு. எனக்கு முன்னால் வாளி காலி, பின்னால் புது வாளி வந்தது, திரும்பி எனக்குப் போட வருவதற்குள் நான் எழுந்து அசனத்தையே அவமானப்படுத்திவிட்டேன் என்பார். அதிலிருந்து அவர் வீட்டு நல்லது கெட்டது எதற்கும் நான் போவதில்லை. கிருபை மட்டும் போய் வருவாள்.

இப்போது கணக்கைப் பாருங்கள். நேசக்குமாரின் மனைவியும் பெர்சியும் அக்காள் தங்கை முறை. ஆகவே நேசக்குமாரும் பெனிஸ்டனும் சகலைகள். கிருபையின் அண்ணனுக்குச் சகலை என்றால் கிருபைக்கும் அவர் அண்ணன்தான். ஷெர்லிக்குத் தாய்மாமன். அவர் மகன் பிரைட்டன் மாமன் மகன். நல்ல முறை. இதைவிட நல்ல முறை வேண்டியதே இல்லை.

அன்றைக்கு அவ்வளவு பேர் முன்னால் ஏன் சொல்லவில்லை என்று கிருபையைக் கேட்டேன். அந்தப் பெயரைச் சொன்னால் நீங்கள் எழுந்து போய்விடுவீர்கள், வந்தவர்கள் முன்னால் அது நடக்க வேண்டாம் என்று பார்த்தேன் என்றாள். நெத்திலியிலிருந்து அவள் தலையைத் தூக்கவே இல்லை.

இரண்டு நாள் யோசித்தேன். பெனிஸ்டனுக்குப் போன் போட்டு இப்படி ஒரு வழி இருக்கிறது என்றேன். அவர் சிரித்தார்.

"நேசக்குமாரா? அப்படி ஒரு சகலை எனக்கு இருக்கதா நினைப்பே இல்லையே அண்ணாச்சி. சும்மா பேப்பர்ல கோடு போட்டா உறவாயிருமா? நல்லது கெட்டதுக்குப் போக வர இருந்தாத்தான உறவு. அவரு நேர்ல வந்து சொல்லட்டும். புழக்கத்துல இருக்கிற வழின்னா எனக்குச் சந்தோசம்."

அவர் சொன்னது நியாயம். அவரிடத்தில் நான் இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன்.

நேசக்குமார் திருநெல்வேலி ரோட்டில் புதுக்கோட்டையில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார். கடைக்குப் பின்னால் வீடு. சனிக்கிழமை மத்தியானம் வாடகைக் கார் பிடித்துக்கொண்டு போனோம். கிருபையையும் ஷெர்லியையும் தெரு முனையில் காரிலேயே இருக்கச் சொல்லிவிட்டு நான் மட்டும் கடைக்குப் போனேன். மன்னிப்புக் கேட்க வந்தவன் மாதிரி இருக்கக் கூடாது. கடைக்கு வந்தவன் கடைக்கு வந்தவனாக இருக்கலாம்.

நேசக்குமார் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். முடி நன்றாக நரைத்திருந்தது. என்னைப் பார்த்தார். பிறகு எனக்குப் பக்கத்தில் சாத்தியிருந்த பிளாஸ்டிக் பைப்புகளைப் பார்த்து, என்ன வேணும் என்று கேட்டார். நானும் பைப்பைப் பார்த்து, ஒரு குழாய் வேண்டும் என்றேன். பித்தளையா, பிளாஸ்டிக்கா என்றார். பித்தளை என்றேன். அரை இஞ்சா, முக்கால் இஞ்சா என்றார். அது எனக்குத் தெரியவில்லை. எங்கள் வீட்டில் எல்லாக் குழாயும் நன்றாகத்தான் இருக்கிறது. முக்கால் என்று சொல்லிவைத்தேன். அவர் எடுத்து மேசையில் வைத்தார். நான் திருகிப் பார்த்தேன். நன்றாகத் திருகியது. இன்னும் ஒரு தடவை திருகினேன்.

கெஞ்சுவதற்கு நான் வரவில்லை. அவரும் கெஞ்சினால் இறங்குகிற ஆள் இல்லை. எங்கே தொட்டால் எழுவார் என்பது எனக்குத் தெரியும். அதே இடத்தில் தொட்டால் நானும் எழுவேன்.

"சாத்தான்குளத்துல பெனிஸ்டன்னு ஒருத்தர்," என்றேன் குழாயைப் பார்த்து. "தனக்கு நேசக்குமார்னு ஒரு சகலை இருக்கதா நினைப்பே இல்லைங்கார். உண்மையா பொய்யான்னு தெரிஞ்சிட்டுப் போலாம்னு வந்தேன்."

நேசக்குமார் மேசையில் இருந்த பில் புத்தகத்தை மூடினார்.

"யாரு சொன்னது?"

"அவரே சொன்னது."

"அவன் கல்யாணத்துல மாலை எடுத்துக் குடுத்தது யாருன்னு கேட்டீரா? அவனுக்குக் காமாலை வந்தப்ப கீழாநெல்லி பறிச்சிட்டு பஸ் ஏறிப் போனது யாருன்னு கேட்டீரா? நினைப்பு இல்லையாமா அவனுக்கு."

கேட்கவில்லை, எனக்கு எப்படித் தெரியும் என்றேன். அதற்குள் அவர் எழுந்துவிட்டார். பாதி பெயின்ட் வாங்கிக்கொண்டிருந்த ஆளைத் திங்கட்கிழமை வரச் சொல்லிவிட்டு ஷட்டரை இழுத்தார். உள்ளே போய் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். அவர் மனைவி பின்னாலேயே பட்டுச் சேலையில் வந்தாள். அந்த அம்மாள் எப்போதே தயாராக இருந்தது போலத்தான் எனக்குத் தோன்றியது. கிருபை போனில் சொல்லியிருக்க வேண்டும். நான் கேட்டுக்கொள்ளவில்லை.

புறப்படுகிற நேரத்தில் கிருபை தெரு முனையிலிருந்து நடந்தே வந்துவிட்டாள். தாய்மாமனும் தகப்பனும் வேறு வேறு காரில் போய் இறங்கினால் புழக்கத்தில் இருக்கிற உறவென்று யார் நம்புவார்கள் என்று கேட்டாள். மதினியைத் தன்னோடு கூட்டிக்கொண்டு போய்விட்டாள். நேசக்குமாரின் காரில் நான் ஏற வேண்டியதாயிற்று. முன்னால் உட்கார்ந்தால் பேச்சுக் கொடுக்க வேண்டிவரும் என்பதால் பின்சீட்டில் உட்கார்ந்தேன். அவர் கண்ணாடியில் என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு வண்டியை எடுத்தார். ஸ்ரீவைகுண்டம் தாண்டி பெட்ரோல் போட நிறுத்தியபோது பங்கில் இருந்த ஆள் அவரிடம், பின்னால் சாருக்குத் தண்ணீர் பாட்டில் ஏதும் வேணுமான்னு கேளுங்க என்றான். அவர் என்னிடம் கேட்கவில்லை. எனக்குத் தாகமாகத்தான் இருந்தது.

சாத்தான்குளத்தில் பெனிஸ்டன் வீட்டுக் கூடத்தில் எல்லோரும் உட்கார்ந்தோம். நேசக்குமார் உட்காருவதற்கு முன்னாலேயே ஆரம்பித்துவிட்டார். மாலை, கீழாநெல்லி, பஸ், எல்லாம் வந்தது. பெர்சி ஒவ்வொன்றுக்கும் ஆமா அத்தான், ஆமா அத்தான் என்று சொல்லிக்கொண்டிருந்தார். பெனிஸ்டன் சிரித்தார். சகலை இருக்கிறார், ஒப்புக்கொள்கிறேன் என்றார். ஷெர்லி மூச்சு விடுவது எனக்குக் கேட்டது. ஆனால் அவர் முடிக்கவில்லை.

"நீங்க எனக்குச் சகலை, சரி. ஆனா சுந்தரராஜ் அண்ணாச்சிக்கு நீங்க யாரு? அந்தப் பக்கம் புழக்கம் இருந்தாத்தான வழி முழுசா வரும். வந்ததுலேர்ந்து பாக்கேன், நீங்க ரெண்டு பேரும் ஒரு வார்த்த பேசலையே. வண்டியிலயும் அண்ணாச்சி பின்னால இருந்துதான் எறங்கினாங்க. பாதி வழி மட்டும் தொறந்திருந்தா எப்படி? அப்ப உபதேசியார் வழிதான் நிக்கும். அவங்க ரெண்டு பேரும் அண்ணன் தங்கச்சிதான்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அவர் முறையில் இம்மியும் விட்டுக்கொடுக்கிறவர் இல்லை. எனக்கு அதில் மனக்குறையும் இல்லை.

பிரைட்டன் இந்தத் தடவை சிரிக்கவில்லை. ஷெர்லி என்னைப் பார்த்தாள். இருமவில்லை, அண்ணா என்று யாரையும் கூப்பிடவில்லை, சும்மா பார்த்தாள். அவளைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்த அன்றைக்கு வாசலில் நின்று என்னை இப்படித்தான் பார்த்தாள் என்று தோன்றியது. நேசக்குமார் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் காது மடல் சிவந்திருந்தது. அவராகப் பேச மாட்டார். அவரிடத்தில் நானாக இருந்தாலும் பேச மாட்டேன்.

என் தலைக்கு நேர் மேலே மின்விசிறி முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. சுவிட்சு நேசக்குமார் உட்கார்ந்திருந்த பக்கத்துச் சுவரில் இருந்தது. தொண்டையைச் சரிசெய்துகொண்டேன்.

"மச்சான், அந்த ஃபேனக் கொஞ்சம் கொறைங்க."

அந்த வார்த்தை வாயிலிருந்து வெளியே வந்த சத்தம் எனக்கே வேறு யாரோ பேசியது போல இருந்தது. கிருபை சேலைத் தலைப்பை எடுத்து மூக்கைத் துடைத்துக்கொண்டாள். நேசக்குமார் உடனே எழவில்லை. ஜன்னலிலிருந்து முகத்தைத் திருப்பி என்னையே பார்த்தார், கடையில் பைப்பைப் பார்த்தது போல இல்லை. பிறகு எழுந்து போய் ரெகுலேட்டரை ஒரு எண் குறைத்தார்.

"இது போதுமா மச்சான்?"

போதும் என்றேன்.

பெனிஸ்டன் தொடையில் தட்டிச் சிரித்துவிட்டு, அப்ப சரி மச்சான் என்று என்னைப் பார்த்துச் சொன்னார். உபதேசியார் மகள்கள் வழியாக எனக்குக் கிடைத்த தம்பி அந்த நிமிஷத்தோடு போய்விட்டார். பெர்சி காபி கொண்டுவர உள்ளே ஓடினார். பிரைட்டனும் ஷெர்லியும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள், எதற்கு என்று தெரியவில்லை, எதற்காகவாவது இருக்கட்டும். நேசக்குமார் அறிக்கை எந்த ஞாயிற்றுக்கிழமை ஆரம்பிப்பது என்று பெனிஸ்டனோடு சத்தமாகப் பேச ஆரம்பித்துவிட்டார்.

காற்று இன்னும் அதிகமாகத்தான் இருந்தது. ஒரே நாளில் இரண்டாம் தடவை அந்த வார்த்தையைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கழுத்தைச் சுற்றிப் போர்த்திக்கொண்டு, நிமிர்ந்து உட்கார்ந்து, தேதி பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.